இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் ஒரு தாள்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். டெல்மிரோ பல்லோடு நிற்க மாட்டார், குளம்பையும் தூக்கிப் பார்ப்பார். மொந்தேவிதேயோ நகரசபை வயசானவர்களுக்கு இலவசமாகப் புகைப்பட வகுப்பு நடத்துகிறது என்று கேள்விப்பட்டதும், கடைசியில் எதை நம் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்றுதான் அவர் முதலில் விசாரித்தார். எதுவும் இல்லை என்றார்கள். அதை அவர் நம்பவில்லை. நம்பாமலேதான் போனார்.

போனதற்குக் காரணம் ஒரு கேமரா. நாற்பது வருஷமாக ஞாயிற்றுச் சந்தையில் தெருவோரம் துணி விரித்துப் பழைய சாமான் விற்கிறவர் அவர். எழுபத்துமூன்று வயது. ஆகஸ்டில் செத்துப்போன ஒரு பல் டாக்டரின் வீட்டைக் காலி செய்தபோது, வாங்கிய பெட்டிகளில் ஒன்றுக்குள் அந்தக் கேமரா கிடந்தது. ஓடாத சாமானை ஓடும் என்று சொல்லி அவர் விற்பதில்லை. நேர்மை என்று நினைத்துவிட வேண்டாம். ஏமாந்தவன் அடுத்த ஞாயிறு அதே இடத்துக்கு வந்து நிற்பான், அவ்வளவுதான். கேமராவை இயக்கத் தெரிந்துகொள்ள இரண்டு வகுப்பு போதும், பிறகு விற்றுவிடலாம் என்று கணக்குப் போட்டார். மூன்றாம் வகுப்பு தாண்டி இலவச வகுப்புக்குப் போவான் என்று வேறு யாராவது அவரைப் பற்றிச் சொல்லியிருந்தால் அவரே சிரித்திருப்பார். பள்ளிக்கூடத்திலும் மூன்றாம் வகுப்போடுதான் நின்றார்.

வகுப்பு செவ்வாய்க்கிழமை காலையில், பேட்டை நூலகத்தின் பின்னறையில். டீச்சர் பெயர் மைதே. மூக்கில் வளையம் போட்ட இருபத்தெட்டு வயசுப் பெண். வீட்டிலிருந்து மூன்று சாமான் கொண்டுவந்து ஜன்னலோர மேஜையில் வைத்துப் படம் எடுக்கச் சொன்னாள். மற்றவர்கள் பூ ஜாடி, ஒயின் பாட்டில், பேரனின் குட்டிச் செருப்பு என்று கொண்டுவந்து, கல்யாண போட்டோவுக்கு நிற்கிற சொந்தக்காரர்கள் மாதிரி வரிசையாக நிறுத்திவைத்தார்கள். டெல்மிரோ இரண்டு கதவுக் கைப்பிடியும் ஒரு விளக்குச் சிம்னியும் கொண்டுபோயிருந்தார். மூட்டையைப் பிரித்தார், வைத்தார், ஒதுங்கிக்கொண்டார்.

மைதே கொஞ்ச நேரம் மேஜையைப் பார்த்தாள்.

"இதை எங்க கத்துக்கிட்டீங்க?"

"எதை?"

"இப்படி வைக்கறதை."

"தெருவுல. தூறல் போட்டா அஞ்சு நிமிஷத்துல கட்டணும், வெயில் வந்தா அஞ்சு நிமிஷத்துல விரிக்கணும். இதுல கத்துக்க என்ன இருக்கு, டீச்சர்?"

இரும்புக்குப் பக்கத்தில் கண்ணாடியை வைத்தால் கண்ணாடி இன்னும் கண்ணாடியாகத் தெரியும். மங்கலான சாமான் முன்னால், பளபளப்பு அதற்குப் பின்னால். வெயில் எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம் உயரமானதை வைக்கக் கூடாது. இதெல்லாம் அவருக்குக் கைப்பழக்கம். அதற்கு அந்த வகுப்பில் ஒவ்வொரு பெயர் இருந்தது. தன் கைவேலைக்குப் பெயர் உண்டு என்பதே அவருக்குப் புதுசு.

அன்று எடுத்த படத்தை மைதே திரையில் பெரிதாக்கிக் காட்டினாள். கைப்பிடியின் விளிம்பில், கட்டைவிரல் படுகிற இடத்தில், ஒரு பள்ளம். யார் யாரோ எத்தனை வருஷமோ கதவைத் திறந்து திறந்து தேய்த்த பள்ளம். அந்தக் கைப்பிடியை அவர் இருநூறு தடவையாவது துலக்கியிருப்பார். கையால் பிடித்தது இருநூறு தடவை. கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். எழுபத்துமூன்று வயதில் யாராவது கண்ணைத் துடைத்துவிட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. கேமராவை விற்கிற பேச்சை அதோடு விட்டார்.

செப்டம்பரில் மைதே எல்லோரையும் பூங்காவில் இருக்கிற ஓவியக்கூடத்துக்கு அழைத்துப் போனாள். அந்த வாசலைத் தாண்டி அவர் ஆயிரம் தடவை நடந்திருக்கிறார். உள்ளே போனதில்லை. வாசலில் நிற்கிறவர்கள் ஆளின் செருப்பைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பார்கள் என்பது அவர் எண்ணம். எண்ணம் பொய்யில்லை. உள்ளே நுழைந்ததிலிருந்து ஒரு காவலாளி இவர் பின்னாலேயே வந்தான்.

ஒரு படத்தில் ஒரு செம்புச் சட்டி, மூன்று வெங்காயம், ஒரு மீன். இந்த மாதிரிப் படங்களுக்கு அங்கே 'செத்த இயற்கை' என்று பெயர். டெல்மிரோ மூக்கு படுகிற தூரத்துக்குக் குனிந்தார்.

"தள்ளி நில்லுங்க, பெரியவரே."

"திருடவா போறேன்? இதைத் தூக்கிட்டுப் போய் என் கடையில போட்டா மூணு ஞாயிறு கிடக்கும். ஒருத்தன் என்னன்னு கேக்க மாட்டான்."

"அப்புறம் என்ன பாக்கறீங்க?"

"சட்டியோட உள்பக்கம் பாரு. ஈயம் போன இடத்துல மட்டும் செம்பு சிவப்பா எட்டிப் பாக்குது. அடியில இல்ல, ஓரத்துல. கரண்டி போட்டுச் சுரண்டற ஓரம். இந்த ஆளு சட்டியைக் கையில எடுத்து, திருப்பிப் பாத்திருக்கான். கடன் வாங்கிட்டு வந்து வச்சு வரைஞ்ச சட்டி இல்ல இது. அவன் வீட்டுல சமைச்ச சட்டி."

காவலாளியும் குனிந்தான். "பதினஞ்சு வருஷமா இந்த அறையில நிக்கறேன்," என்றான். "நான் அதை வெங்காயத்தோட நிழல்னு நினைச்சிட்டிருந்தேன்." அதன் பிறகு அவன் பின்னால் வருவதை விட்டான். பக்கத்தில் வந்தான். அடுத்த அறையில் ஒரு வெள்ளி டம்ளரைக் காட்டி, இது என்ன, அசலா, ஜெர்மன் சில்வரா என்று கேட்டான்.

செத்து நூறு வருஷமான அந்த ஓவியக்காரனுக்கு ஏதாவது சொல்ல வேண்டும்போல டெல்மிரோவுக்கு இருந்தது. ஒரு நல்ல வார்த்தை. ஆனால் நல்ல வார்த்தை சொல்வதில் அவருக்குப் பழக்கம் போதாது. உயிரோடு இருக்கிறவர்களிடமே சொன்னதில்லை. செத்தவனிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது?

இரண்டாவதாகப் போன கூடம் பழைய நகரத்தில், துறைமுகத்துப் பக்கம். அங்கே ஒரு பெரிய அறை முழுக்க வெள்ளைச் சுவர். ஒரு சுவரில் ஒரே ஒரு புகைப்படம். அதில் ஒரே ஒரு செருப்பு. இவ்வளவு பெரிய விரிப்பில் ஒற்றைச் சாமானை வைக்கிறவன் ஒன்று பெரிய கள்ளனாக இருக்க வேண்டும், இல்லை இன்னும் மூட்டையைப் பிரிக்காதவனாக இருக்க வேண்டும் என்று மைதேயிடம் சொன்னார். அவள் சிரித்தாள், மறுக்கவில்லை. வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் முழுக்க அந்தச் செருப்பு அவர் கூடவே வந்தது. வாரின் மூன்றாவது ஓட்டை இழுபட்டு நீண்டிருந்தது. அந்தக் கால் வீங்கியிருக்க வேண்டும். அவருக்கு எரிச்சலாக இருந்தது. செம்புச் சட்டி பிடித்துப்போய்க் கூட வந்தது. இது பிடிக்காமலே வருகிறது.

சந்தையில் அவருக்கு அடுத்த விரிப்பு நிபியாவுடையது. பொத்தான், கரண்டி, லேஸ் துணி விற்கிறவள். அறுபத்தொன்பது வயது, முழங்கால் வலி, கக்கத்தில் எப்போதும் சுடுதண்ணீர்க் குடுவை. இருபத்தாறு வருஷமாகப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் மாத்தே இலைத் தேநீரை அவரவர் உறிஞ்சுகிறார்கள். பேச்சு என்பது பெரும்பாலும் ஒருவர் துணி அடுத்தவர் எல்லைக்குள் வந்துவிட்டது என்பதாகத்தான் இருக்கும்.

போன ஜூனில் டெல்மிரோ நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிறகு வாடகை அறையில் கிடந்தார். மொத்தம் ஏழு ஞாயிறு. சந்தையில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் யார் இடத்தையும் பிடுங்க மாட்டார்கள். ஆள் வராவிட்டால் இடது பக்கத்துக்காரர் ஒரு சாண், வலது பக்கத்துக்காரர் ஒரு சாண் துணியை இழுத்துவிடுவார்கள். அடுத்த ஞாயிறு இன்னும் ஒரு சாண். நாலாவது ஞாயிறு அங்கே ஓர் ஆள் இருந்ததற்கு அடையாளம் இருக்காது. யாரும் தப்பு செய்யவில்லை, இடம் மட்டும் இல்லை.

எட்டாவது ஞாயிறு, இடம் போயிருக்கும் என்ற முடிவோடு ஊன்றுகோலோடு போனவர் பார்த்தது தன் நீலத் துணியை. அதன் மேல் தன் சாமான்கள், தான் வைக்கிற மாதிரியே. கரி இஸ்திரிப் பெட்டி காற்று வருகிற மூலையில். சிம்னிகள் துடைத்துப் பளிச்சென்று இருந்தன. பொம்மைத் தலை கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தது. இருவரின் சாமானும் ஒரே கிடங்கில்தான் இருக்கும். நிபியா ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு மூட்டையையும் இழுத்துவந்து, இரண்டு துணியையும் விரித்து, இரண்டையும் கட்டிக் கொண்டுபோயிருக்கிறாள்.

டெல்மிரோ அவளிடம் கேட்ட முதல் கேள்வி, "எதையெதை உடைச்சே?"

"உன் வாயை மட்டும்தான் உடைக்கல," என்றாள் நிபியா.

அதோடு சரி. அவர் நன்றி சொல்லவில்லை. இதில் அவளுக்கு என்ன லாபம் என்று யோசித்தார். சும்மா யாரும் எதையும் செய்ய மாட்டார்கள். காரணம் தெரியாமல் நன்றி சொன்னால், பின்னால் அந்தக் காரணம் வந்து நிற்கும்போது நாம் ஏமாந்தவனாக நிற்க வேண்டும். மாதக்கணக்காக யோசித்தார். கிடைக்கவில்லை.

அக்டோபரில் ஒரு நாள் வகுப்புக்குச் சின்ன சாமான் தேடி, சந்தை மூட்டையிலிருந்து அறைக்குக் கொண்டுவந்த தகர டப்பாவைக் கவிழ்த்தபோது அடியில் ஒரு தாள் மடித்துக் கிடந்தது. ரொட்டி சுற்றிவந்த பழுப்புத் தாள். பிரித்தார். நீலப் பேனாவால் ஒரு பெரிய சதுரம், அதற்குள் அவருடைய விரிப்பு. எழுத்து ஒன்றுகூட இல்லை, எல்லாம் படம். இஸ்திரிப் பெட்டி ஒரு படகு மாதிரி. கைப்பிடிகள் நாலு கொக்கி. இறைச்சி அரைக்கிற மிஷின் யானை மாதிரி. பொம்மைத் தலைக்கு மூன்று முடி. ஒவ்வொன்றும் அது அது இருக்கிற இடத்தில். ஞாயிறுக்கு ஞாயிறு நிபியா இதை ஒரு கையில் வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்துப் பரப்பியிருக்கிறாள்.

டெல்மிரோ கட்டிலில் உட்கார்ந்து அந்தத் தாளை மத்தியானம் வரை வைத்துக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிறே நிபியா சொன்னாள்: "டிசம்பர்ல இருந்து நான் இல்ல. சால்தோவுல மக வீட்டுக்குப் போறேன். முழங்கால் போதும்னு சொல்லிடுச்சு."

"சரி," என்றார் டெல்மிரோ. அன்று முழுக்க அவர் பக்கம் நல்ல வியாபாரம். சாயங்காலம் அவருக்கு எது விற்றது என்றே ஞாபகமில்லை. தான் நன்றி சொல்லும் முன்பே அவள் போய்விடுவாள் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. தன்னை அவருக்கு நன்றாகத் தெரியும்.

நவம்பர் கடைசிச் சனிக்கிழமை நூலகத்துக் கூடத்தில் வகுப்பின் கண்காட்சி. ஆளுக்கு ஒரு படம், ஒரு மாதம் தொங்கும். வாயால் முடியாததைப் படத்தால் முடித்துவிடலாம் என்று டெல்மிரோ நினைத்தார். நீலத் துணியை வகுப்பில் விரித்து, அவள் வரைந்த மாதிரியே எல்லாவற்றையும் வைத்துப் படம் எடுத்துக் காட்டினார்.

மைதே வெகு நேரம் பார்த்தாள். "நல்லா இருக்கு. ஆனா படம் எதைப் பத்தி?"

டெல்மிரோ திரையில் ஒரு மூலையைத் தொட்டார். இஸ்திரிப் பெட்டிக்கு அடியிலிருந்து பழுப்புத் தாளின் முனை ஒரு விரலகலம் நீட்டிக்கொண்டிருந்தது.

"இதைப் பத்தி."

"அதை ஏன் ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"ஒளிக்கல, டீச்சர். நல்ல சாமானை அப்படித்தான் வைக்கணும். நடுவுல வச்சா ஒருத்தனும் தொடமாட்டான். பாதி தெரியற மாதிரி எதுக்காவது அடியில வச்சா, தானே கண்டுபிடிச்சதா நினைச்சுக்குவான். அப்புறம் விடமாட்டான்."

"சரி. நீங்க இதை விக்கப்போறீங்களா?"

"இல்ல."

"அப்போ?"

டெல்மிரோவுக்குக் கோபம் வந்தது. நாற்பது வருஷம் சோறு போட்ட வித்தையை இந்த மூக்குவளையம் ஒரு சொல்லில் தட்டிவிடுகிறது. சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார். பஸ் நிறுத்தத்தில் நின்றபோது அந்த ஒற்றைச் செருப்பு ஞாபகம் வந்தது. அதை எடுத்தவன் அதற்குப் பக்கத்தில் ஒரு பூ ஜாடியை வைத்திருந்தால், அந்த வீங்கிய காலை அவர் பார்த்தே இருக்க மாட்டார். அவன் ஒளிந்துகொள்ள இடம் வைக்கவில்லை, அதுதான் விஷயம். தான் இதுவரை ஒளித்துவைத்தது சாமானை இல்லை என்றும் தோன்றியது. அவருக்கு அந்த எண்ணம் பிடிக்கவில்லை. பஸ் வந்தது, ஏறவில்லை. திரும்பி நடந்தார்.

மைதே நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஜன்னலோரம் மேஜையை இழுத்துக் கொடுத்தாள்.

"சனிக்கிழமை பதினோரு மணிக்கு நூலகத்துக்கு வா," என்று டெல்மிரோ நிபியாவிடம் சொன்னது கண்காட்சிக்கு முந்தின ஞாயிறு.

"எதுக்கு? யாராவது செத்துட்டாங்களா?"

"வான்னா வா."

"நூலகத்துல உனக்கு என்ன வேலை? கூரை ஒழுகுதா?"

"படம் மாட்டறாங்க. நான் எடுத்தது ஒண்ணு இருக்கு."

"நீ எடுத்ததா? யார்கிட்டேருந்து?" என்று கேட்டாள் நிபியா.

வந்தாள். சாவுக்கும் கல்யாணத்துக்கும் உடுத்துகிற கறுப்பு உடை, கக்கத்தில் குடுவை. படங்களை வாசலிலிருந்தே வரிசையாக, சந்தையில் அடுத்தவன் விரிப்பைப் பார்க்கிற மாதிரி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துவந்தாள். பூ ஜாடிக்கு உதட்டைப் பிதுக்கினாள். பேரன் செருப்புக்கு "ம்" என்றாள். டெல்மிரோவின் படத்துக்கு முன்னால் வந்ததும் நின்றாள்.

நீலத் துணி, முழுக்கக் காலி. நடுவில் பழுப்புத் தாள், பிரித்து வைத்தது, மடிப்பு மடிப்பாக. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்ததில் பேனா அழுத்திய கோடுகள் உழவு போட்ட மாதிரித் தெரிந்தன. வேறு எதுவும் இல்லை.

நிபியா விரலை நீட்டிக் கொக்கிகளை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"கைப்பிடி அஞ்சு இருந்துச்சு," என்றாள் பிறகு. "நாலுதான் போட்டிருக்கேன். ஒண்ணு முத வாரமே காணாம போயிடுச்சு. அப்புறம்தான் வரைஞ்சேன்."

"நன்றி," என்றார் டெல்மிரோ. தொண்டையில் சளி கரகரத்த மாதிரிதான் கேட்டது.

"எதுக்கு?"

"இடத்தைக் காத்து வச்சதுக்கு."

நிபியா திரும்பி அவரைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்து முடிக்க முழங்காலைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"உனக்காகன்னா நினைச்சே? அந்தத் தோல் சீவற கத்தி விக்கறவன் இருக்கான் பாரு, ஒலிபெருக்கி வச்சுக்கிட்டு. நீ படுத்த முத ஞாயிறே வந்து உன் இடத்தை அடி வச்சு அளந்தான். 'கேரட்டைப் பாருங்க, சுருளைப் பாருங்க'ன்னு காலையில ஆரம்பிச்சா சாயங்காலம் வரைக்கும். அவன் பக்கத்துல உக்காரணும்னா நான் அன்னைக்கே சால்தோ போயிருப்பேன். நீ மேலுடா சாமி. கிழட்டு ஆமை மாதிரி சும்மா உக்காந்திருப்பே."

ஆக, காரணம் கிடைத்துவிட்டது. இத்தனை மாதமாகத் தேடிய மாட்டின் பல். டெல்மிரோ காத்திருந்தார், 'நான் அப்போதே நினைத்தேன்' என்று உள்ளே எழும் அந்தப் பழைய திருப்திக்காக. அது வரவில்லை. படத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, இடத்தைப் பிடிக்க ஒரு கிழிஞ்ச சாக்கைப் போட்டிருந்தா போதுமே."

"போதும்தான்."

"சிம்னியை எதுக்குத் துடைச்சே?"

"அழுக்கா இருந்துச்சு."

"பொம்மைக்கு முடி எதுக்கு வரைஞ்சே?"

நிபியா படத்தில் அந்த மூன்று கோட்டைப் பார்த்தாள். "முடி இருந்துச்சு," என்றாள். "வரைஞ்சேன்."

"நன்றி, நிபியா," என்றார் டெல்மிரோ. இப்போது கேட்கிற மாதிரி வந்தது. கூடத்தின் மூலையில் குடிதண்ணீர்க் குழாயருகே நின்ற இரண்டு பெண்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் குடுவையை ஒரு கக்கத்திலிருந்து மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள். "அந்தத் தாளை எனக்குக் கொடு. நான் வரைஞ்சது."

"தரமாட்டேன். என் டப்பாவுல கிடந்தது."

"என் பேனா."

"என் சாமான்."

"ரொட்டி நான் வாங்கினது. தாள் அந்த ரொட்டியோடது."

"படத்தை எடுத்துக்கோ. தாள் எனக்கு."

நிபியா படத்தை இன்னொரு முறை, இந்தத் தடவை வாங்குகிறவளாகப் பார்த்தாள். சட்டத்தின் மூலையை விரலால் தட்டிப் பார்த்தாள். "சரி," என்றாள். "ஆனா வெள்ளிக்கிழமை எனக்கு பஸ்."

டெல்மிரோ இரண்டு கையாலும் படத்தை ஆணியிலிருந்து தூக்கினார். மைதே ஓடிவந்தாள்.

"டெல்மிரோ ஐயா, அது ஒரு மாசம் தொங்கணும்."

"பாக்க வேண்டியவங்க பாத்தாச்சு, டீச்சர்." கொஞ்சம் யோசித்தார். வாய் திறந்திருக்கும்போதே சொல்லிவிடுவது நல்லது என்று பட்டது. "உங்களுக்கும் நன்றி. அன்னைக்குக் கோவிச்சுக்கிட்டுப் போனேன். நீங்க சொன்னது சரி."

மைதே வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

வெளியே படிக்கட்டில் ஆற்றுக்காற்று அடித்தது. "கொடு, பஸ் வரைக்கும் நான் தூக்கிட்டு வரேன்," என்றார் டெல்மிரோ.

"வேணாம். நீ தூக்கினா திருப்பித் தரமாட்டே." நிபியா படத்தை மார்போடு சாய்த்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். பாதியில் நின்று திரும்பினாள். "சொல்ல மறந்துட்டேன். என் இடத்தை யாருக்கு விட்டிருக்கேன் தெரியுமா?"

அவளுடைய முகத்தைப் பார்த்ததும் டெல்மிரோவுக்கு விளங்கிவிட்டது.

"கத்திக்காரனுக்கா?"

"கெஞ்சிக் கேட்டான், பாவம். உனக்குத்தான் ஒரு காது மந்தமாச்சே. அந்தப் பக்கமா உக்காந்துக்கோ."

டெல்மிரோ வாய்விட்டுத் திட்டினார். திட்டிக்கொண்டே, அவள் முழங்காலுக்கு ஏற்றபடி ஒரு படி பின்னால், பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே நடந்தார்.